இரண்டாவது ஊசி

தீர்த்தகிரிக்கு வலது கையும் வலது காலும் விழுந்து இரண்டு வருஷமாகிறது. பேச்சும் அன்றைக்கே போய்விட்டது. "சரி" என்ற ஒரு சொல் மட்டும் எப்படியோ வாயில் தங்கிவிட்டது. பசியோ வலியோ கோபமோ, யாராவது வந்து நலம் விசாரிப்பதோ, எல்லாவற்றுக்கும் அவரிடம் அந்த ஒன்றுதான் இருந்தது. அவருக்கு எல்லாம் புரியும், சொல்லத்தான் வராது என்று தர்மபுரியில் பார்த்த டாக்டர் சொல்லி அனுப்பினார். நாளாக ஆக, அதில் முதல் பாதியை வீட்டில் எல்லோரும் மறந்துபோனார்கள்.

மாரண்டஹள்ளியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தோட்டத்து வீட்டில் அவரும் மனைவி சென்னம்மாளும் இருந்தார்கள். நிலத்தைப் பக்கத்துத் தோட்டத்து மாதுவும் அவன் மனைவி சோபனாவும் விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு எடுத்துத் தக்காளி போட்டிருந்தார்கள். மகன் திருமால் மனைவி ராதிகாவோடு பெங்களூரில் வேலையாக இருந்தான். மகள் சுகுணாவை மாரண்டஹள்ளியிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் ராயக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனி பஸ் ஏழே காலுக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் ஆறு மணிக்கே ஸ்கூட்டியில் தோட்டத்துக்குப் போய், அப்பாவைத் துடைத்து, துணி மாற்றி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஓடுவாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மறுபடி போவாள். நடுவில் இருக்கிற பகல் முழுக்க அம்மாவின் பொறுப்பு.

சர்க்கரைக்கான இன்சுலின் ஊசியும் அம்மாவின் பொறுப்புதான். காலையில் பதினெட்டு, சாயங்காலம் பத்து. வீடு வீடாக வந்து மாத்திரை கொடுக்கிற நர்ஸ் தெரசாதான் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் வகுப்பு வரை படித்த சென்னம்மாள், சிரிஞ்சில் இருக்கிற சின்னக் கோடுகளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து மருந்தை ஏற்றுவதை அக்கம்பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. சுகுணாவின் மகள் காவியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. அவளுக்குச் சமைத்து வைத்துவிட்டு வருவதற்குள் ஆறே முக்கால் ஆகிவிட்டது. உள்ளே நுழையும்போது சென்னம்மாள் கையில் சிரிஞ்சோடு கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். தீர்த்தகிரி இடது கையை வயிற்றின் மேல் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார்.

"பாரு சுகுணா, ஒரு வாரமா இதே ரோதனைதான். ஊசி போட வுட மாட்டேங்கறாரு. நேத்து என் மணிக்கட்டப் புடிச்சு முறுக்கிட்டாரு."

"ஏம்ப்பா இப்படிப் பண்ற?"

"சரி சரி" என்றார் அவர். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

"அப்பறம் என்ன, சரின்னு சொல்ற, கைய எடு."

எடுக்கவில்லை. அறுபது வருஷம் மண்வெட்டி பிடித்த கை. சுகுணா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்து வயிற்றிலிருந்து பிரித்து, கட்டில் சட்டத்தோடு சேர்த்து அழுத்தினாள். "சரி, சரி, சரி" என்று அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. கண் மகளின் முகத்தை விட்டு நகரவில்லை.

"சின்னக் கொழந்த மாதிரி பண்ணாதப்பா. எனக்கு பஸ் போயிடும். சீக்கிரம் போடும்மா."

சென்னம்மாள் வயிற்றுச் சதையைக் கிள்ளித் தூக்கி ஊசியைப் போட்டாள். போட்டு முடித்ததும் கையில் இருந்த முறுக்கம் தானாகத் தளர்ந்தது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுகுணா அவசரமாகத் துணியை மாற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

பஸ் ராயக்கோட்டையைத் தாண்டும்போது சோபனாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, எங்க இருக்கறீங்க? அப்பா எந்திரிக்க மாட்டேங்கறாருக்கா. ஒடம்பெல்லாம் தண்ணி ஊத்துன மாதிரி வேர்த்துக் கெடக்குது. உங்கம்மா கூப்புட்டுக்கிட்டே இருக்குது, கண்ணே தொறக்கல. நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டேன். தெரசா சிஸ்டரும் வந்துட்டு இருக்காங்க."

டிரைவரிடம் கெஞ்சி நடுரோட்டில் இறங்கினாள். எதிரே வந்த தக்காளி வேனைக் கைகாட்டி நிறுத்தி, டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் வந்திருந்தது. சர்க்கரை முப்பத்து நாலுக்கு இறங்கியிருப்பதாகத் தெரசா சொன்னார். வண்டியிலேயே குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு பாலக்கோடு அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். பதினோரு மணி வாக்கில்தான் அவர் கண்ணைத் திறந்தார்.

வார்டில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். "காலையில எத்தன யூனிட் போட்டீங்க பாட்டி?"

"பதினெட்டு."

"சாப்பிட்டாரா?"

"களி சாப்ட்டாரு. முழுசா சாப்ட்டாரு."

"பதினெட்டுக்கு இவ்வளவு எறங்காதே. ரெண்டு தடவ போட்டுட்டீங்களா?"

சென்னம்மாளின் முகம் சிவந்துவிட்டது. "நாப்பத்தெட்டு வருஷமா அவருக்கு நாந்தான் பாத்துட்டு வர்றன். எனக்குத் தெரியாதா எத்தன தடவ போட்டன்னு?"

"எங்கம்மா அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க டாக்டர். நானும்தான் கூட இருந்தேன். ஒரு தடவதான் போட்டாங்க" என்றாள் சுகுணா.

டாக்டர் சீட்டில் குறித்துக்கொண்டார். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்.

சாயங்காலம் தெரசா பார்க்க வந்தார். சென்னம்மாள் டீ வாங்கப் போயிருந்த நேரம். சுகுணாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"சுகுணா, ஒரு விஷயம். மருந்து பாட்டில் ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு வரணும். போன தடவ உங்கம்மா ஒம்போது நாள்லயே தீந்துடுச்சுன்னு வந்தாங்க. கீழ வுழுந்து ஒடஞ்சிடுச்சுன்னு சொன்னாங்க. நானும் வேற கொடுத்துட்டேன். ஒடஞ்சிருந்தா பரவால்ல. கேட்டுப் பாரு."

சுகுணாவுக்கு உடனே புரியவில்லை. தெரசா படியிறங்கி வாசலைத் தாண்டிப் போன பிறகுதான் புரிந்தது. காலையில் அவள் உள்ளே நுழைந்தபோது அம்மா சிரிஞ்சோடு நின்றிருந்தாள். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். ஒரு வாரமாகத் தெரிந்திருக்கிறது. தலையை ஆட்டி, கையை வைத்து மறைத்து, அவரால் ஆனதெல்லாம் செய்து பார்த்திருக்கிறார். அந்தக் கையைப் பிடித்து அழுத்தியது அவள்.

பிறகு உள்ளே போய் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். சென்னம்மாள் திரும்பி வந்து, டீயைக் கொடுத்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்ததும் தூங்கிவிட்டாள்.

"அப்பா" என்றாள் மெதுவாக. "நான் வர்றதுக்கு முன்னாடியே அம்மா உனக்கு ஊசி போட்டுட்டாங்களா?"

அவர் அவளைப் பார்த்தார்.

"ஆமான்னா என் கையப் புடிச்சு அழுத்து. வேற ஒண்ணும் வேணாம்."

அவருடைய இடது கைக்குள் தன் கையை வைத்தாள். தீர்த்தகிரி கழுத்தைத் திருப்பி, கீழே வாயைத் திறந்தபடி தூங்குகிற மனைவியை ரொம்ப நேரம் பார்த்தார். அழுத்தவில்லை. மகளின் கையை எடுத்துப் பதமாகக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

சுகுணாவுக்கு அதுவே பதிலாக இருந்தது. கேட்க எதுவும் மிச்சமில்லை.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்று மத்தியானம், அம்மாவைத் துணி துவைக்கிற கல் பக்கம் கூட்டிப் போய் உட்காரவைத்தாள். கோபப்படக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனாள்.

"பாட்டில் ஒடஞ்சிடுச்சுன்னு தெரசா சிஸ்டர்கிட்ட எதுக்கும்மா சொன்ன?"

சென்னம்மாள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். மறுக்கப்போகிறாள் என்று சுகுணா எதிர்பார்த்தாள். அவள் மறுக்கவில்லை.

"கொஞ்ச நாளா எனக்கு காலையில நடந்தது காலையிலயே தங்க மாட்டேங்குது கண்ணு. ஊசி போட்டனா இல்லையான்னு நெனச்சு நெனச்சுப் பாப்பன். போடாம வுட்டா அவருக்கு சக்கர ஏறி இன்னொரு கையும் போயிடுமோன்னு பயம். அந்த பயத்துல போட்டுடுவன்."

"என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா? திருமாலு என்னைய ஒரு எடத்துல கொண்டு போய் வுடுவான். அவர ஒரு எடத்துல வுடுவான். அவரு பசின்னா எப்படி சரிங்கறாரு, வலின்னா எப்படி சரிங்கறாரு, எனக்குத்தான் தெரியும். அங்க யாருக்குத் தெரியும்?"

சுகுணா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் தலையில் எண்ணெய் வைத்து எத்தனை நாளாகியிருக்கும் என்று அப்போதுதான் கவனித்தாள். புடவையை உள்பக்கம் வெளியே தெரியக் கட்டியிருந்தாள். இத்தனை மாதமாக தினமும் இரண்டு வேளை வந்துபோயும் அப்பாவைத்தான் பார்த்திருக்கிறாள், அம்மாவைப் பார்க்கவில்லை.

அன்று பொழுதோடு திருமாலுக்குப் போன் செய்தாள். அவன் முழுவதையும் கேட்டான்.

"அக்கா, ஒசூர்ல ஒரு ஹோம் இருக்குது. என் கூட வேல செய்யறவரு அவங்கப்பாவ சேத்திருக்காரு. நல்லாத்தான் பாத்துக்கறாங்க."

"ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல வைப்பாங்களாடா?"

"அது… ஆம்பளைங்க தனி, பொம்பளைங்க தனி."

"அப்ப வேணாம்."

"வேணாம்னா என்னக்கா பண்றது? நீயே சொல்லு. என் வூட்ல மூணாவது மாடி, லிப்டு இல்ல. நானும் ராதிகாவும் வேலைக்குப் போறோம்."

அவன் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் அவளுக்கு அழுகை வந்தது. திட்டுவதற்குக்கூட ஆளில்லை.

கம்பெனியில் ஒரு வாரம் லீவு கொடுத்தார்கள். அதற்கு மேல் என்றால் வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். லீவு முடிந்ததும் சுகுணா ஒரு வழி செய்தாள். மருந்து பாட்டிலைத் தன் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டாள். காலையில் ஆறு மணிக்கு வந்து தானே ஊசி போட்டு, சாப்பாடு கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். சாயங்காலமும் அப்படியே. சமையலை முடித்து வைத்துவிட்டு, அடுப்பைத் தொடவேண்டாம் என்று அம்மாவிடம் நாலு தடவை சொல்லிவிட்டுப் போனாள். பகலில் இரண்டு தடவை எட்டிப்பார்க்கச் சோபனாவிடம் கேட்டுக்கொண்டாள்.

அவள் ஊசியோடு பக்கத்தில் போனால் தீர்த்தகிரியின் இடது கை தானாக வயிற்றுக்கு வந்துவிடும். பிறகு அவள் முகத்தைப் பார்ப்பார். கை விலகும். ஒவ்வொரு தடவையும் முதலில் அந்தக் கை வந்தது. "ஒண்ணுதாம்ப்பா, இப்பதான் மொத தடவ" என்று அவள் சொல்லிக்கொண்டே போடுவாள். மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்து வாயெடுத்த நாளெல்லாம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நாலு நாள் இப்படி ஓடியது. ஐந்தாம் நாள் பத்தரை மணிக்குத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவளை, வாசலில் போன் வந்திருப்பதாக செக்யூரிட்டி கூப்பிட்டார். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். சோபனா கம்பெனி நம்பரைத் தேடிப் பிடித்து அடித்திருந்தாள்.

நடந்தது இதுதான். சென்னம்மாள் அலமாரியில் மருந்து பாட்டிலைத் தேடியிருக்கிறாள். சுகுணா எடுத்துப் போனதை மறந்துவிட்டாள். பால் காய வைத்துவிட்டுத் தேடியவள், கிடைக்காமல் போகவே, தெரசாவிடம் வேறு வாங்கிவரலாம் என்று பழைய காலி பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. கேஸ் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

சோபனா எட்டிப்பார்க்க வந்தபோது வாசலிலேயே நாற்றம் அடித்தது. கட்டிலில் தீர்த்தகிரி இல்லை. சமையலறையில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தார். கட்டிலிலிருந்து விழுந்து, ஒரு கையால் உடம்பை இழுத்து இழுத்து, கூடத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். முழங்கையில் தோல் இல்லை. சமையலறைப் படியில் மோதி நெற்றி பிளந்திருந்தது. ஆனால் சிலிண்டர் மேலே இருந்த திருகு மூடியிருந்தது. மூடியது அவர்தான்.

மாதுவுக்குச் சென்னம்மாள் கிடைத்தது மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில். தர்மபுரி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாளாம். எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டுக்கொண்டிருந்தாராம். "அவருக்கு ஊசி போடற நேரமாச்சு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள்.

சுகுணா வந்து சேர்ந்தபோது தெரசா நெற்றியில் கட்டுப் போட்டு முடித்திருந்தார். சென்னம்மாள் கணவனின் காலடியில் உட்கார்ந்து, யார் இவரைக் கீழே தள்ளியது என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுகுணா வெளியே வந்து கிணற்றடியில் நின்றாள். அந்தச் செவ்வாய்க்கிழமையே அப்பா போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. கேட்டு வரவில்லை, தானாக வந்தது. அம்மா அந்தப் பஸ்ஸிலேயே எங்கேயாவது போய்ச் சேர்ந்திருந்தால் என்று அடுத்தது வந்தது. அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். பின்னால் வந்து நின்ற சோபனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்படியெல்லாம் பண்ணாதீங்கக்கா."

"என்னால முடியல சோபனா. சத்தியமா முடியல. அங்க இருந்தா இங்க நெனப்பு, இங்க இருந்தா அங்க நெனப்பு. ஒரு ஆள்தான் நான்."

"தெரியுதுக்கா" என்றாள் சோபனா.

மறுநாள் சுகுணா வேலையை விட்டாள். கணவன் சந்திரமோகனிடம் சொன்னபோது அவன் சாப்பிடுவதை நிறுத்தினான்.

"உங்கப்பா அம்மாவப் பாக்க வேணாம்னு நான் சொல்லல. ஆனா இந்த வூட்ட யாரு பாக்கறது? பாப்பாவுக்கு பன்னெண்டாவது."

"நீங்கதான் பாக்கணும். காலையில சோறு ஆக்கக் கத்துக்கோங்க. ராத்திரிக்கு வந்துடறேன். பகல்ல வர முடியாது."

அவன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் குக்கர் சத்தம் கேட்டு அவள் எழுந்தாள். சாதம் குழைந்திருந்தது. காவியா ஒன்றும் சொல்லாமல் டப்பாவில் கட்டிக்கொண்டு போனாள்.

தெரசா ஒரு யோசனை சொன்னார். கட்டிலுக்கு இடது பக்கம் சுவரில், தீர்த்தகிரியின் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு தினசரி காலண்டர் மாட்டச் சொன்னார். காலை ஊசி போட்டதும் அன்றைய தாளை அவரே கிழிக்க வேண்டும். சாயங்கால ஊசிக்குப் பிறகு அடுத்த தாளின் மூலையை மடக்க வேண்டும். "இந்த வூட்ல கணக்கு தெரிஞ்ச ஆளு அவருதான். அவருகிட்டயே கொடுத்துடுங்க" என்றார்.

முதல் நாள் ஊசி போட்டு முடித்ததும் சுகுணா காலண்டரைக் காட்டினாள். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கையை நீட்டி, தாளை மெதுவாக, பல் பல்லாகக் கிழியாமல், நேராகக் கிழித்து அவளிடம் கொடுத்தார். சுகுணா அதை வாங்கிக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் உன் கையப் புடிச்சனேப்பா. நீ சொன்னது எனக்குப் புரியல. புரிஞ்சுக்கணும்னு நிக்கவும் இல்ல."

அவர் இடது கையை எடுத்து அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். வலிக்கிற மாதிரியே தட்டினார். அதில் கோபமும் இருந்தது. அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

தை பிறந்துவிட்டது. தர்மபுரியில் சென்னம்மாளைப் பார்த்த டாக்டர், இது குறையாது, கூடத்தான் செய்யும், வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்த மாத்திரை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சில நாள் நன்றாக இருக்கிறாள். தக்காளி பொறுக்கப் போகிறாள், சோபனாவிடம் சிரித்துப் பேசுகிறாள். சில நாள் சுகுணாவைத் திருடி என்கிறாள். மருந்தைத் திருடி விற்கிறாள் என்று மாதுவிடம் போய்ப் புகார் சொல்கிறாள். அப்படிப்பட்ட நாளில் சுகுணா கதவைச் சாத்திக்கொண்டு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்கிறாள். நின்றுவிட்டு வந்து அம்மாவுக்குத் தலை வாருகிறாள்.

திருமால் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறான். முதல் தடவை வந்தபோது அப்பாவைத் தூக்கி உட்காரவைக்கத் தெரியாமல் இருவரும் கட்டிலில் சாய்ந்துவிட்டார்கள். இப்போது தெரியும். நகம் வெட்டுகிறான், முகம் மழிக்கிறான். அவன் வருகிற அன்று மத்தியானம் சுகுணாவைப் போய்ப் படுக்கச் சொல்கிறான்.

போன ஞாயிறு அப்படித்தான் பக்கத்து அறையில் படுத்தாள். படுத்ததும் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். எதற்கோ திடுக்கிட்டு எழுந்தபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. முடியைக்கூட முடியாமல் கூடத்துக்கு ஓடினாள். மூன்று பேரும் இருந்தார்கள். சென்னம்மாள் வேர்க்கடலை உரித்து, ஒன்று தன் வாயில், ஒன்று கணவன் வாயில் என்று போட்டுக்கொண்டிருந்தாள். திருமால் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, அதுக்குள்ள எந்திரிச்சிட்ட? போய்ப் படு. நான் இருக்கறேன்ல."

"அடுப்பு?"

"அணச்சுதான் இருக்குது. சிலிண்டரும் மூடிட்டேன்."

அவள் சமையலறைக்குப் போய் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். திரும்பிவந்து படுத்தாள். கண்ணை மூடினாள். கூடத்தில் கடலை உடைகிற சத்தத்தை, ஒன்றன்பின் ஒன்றாக, சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டு கிடந்தாள்.